வரைந்த ஜன்னலைத் துடைத்தவன்

இது நிஜமாக நடந்தது. அப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாற்பது வருடம் ஏணியில் ஏறி ஜன்னல் துடைத்தவன் நான். பாதிரியார் குளியல் தொட்டியில் முதலை வளர்க்கிறார் என்று சொன்னவன். மேயர் வீட்டு மாடியில் ஒரு பசுமாடு பியானோ வாசித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன் என்று சத்தியம் செய்து, அதற்காக ஃப்ளீஸ் என்கிற பப்பில் பியரும் வாங்கிக் குடித்தவன்.

ஆனால் நான் அளக்கும் கதைகளுக்கு ஓர் அடையாளம் உண்டு. கடைசியில் யாராவது வாளிக்குள் விழுவார்கள். இந்தக் கதையில் யாரும் விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் பெயர் வில்ஃப். ஊர் ஸ்டென்பரி. வியாழக்கிழமை சந்தை கூடும் ஊர். சந்தைச் சதுக்கத்தைச் சுற்றி இருக்கிற கடைகள், வங்கி, தபால் அலுவலகம், பப்புகள் எல்லாவற்றின் ஜன்னல்களும் என் பொறுப்பு. ரப்பர் பட்டை வைத்து இழுக்கிற குச்சி அப்போதே வந்துவிட்டது. நான் மாறவில்லை. பதப்படுத்திய ஆட்டுத்தோலால்தான் துடைப்பேன். நனைத்துப் பிழிந்தால் மெத்தென்று இருக்கும். காயவிட்டால் அட்டை மாதிரி விறைத்துப்போகும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சதுக்கத்தின் வடக்குப் பக்கம் ஒரு கட்டடம். கீழே செருப்புக் கடை, மாடியில் வக்கீல் அலுவலகம். மாடியில் வரிசையாக ஐந்து ஜன்னல்கள். அவற்றில் ஓரத்தில் இருப்பது ஜன்னல் இல்லை. படம். சுவருக்குப் பின்னால் அந்த இடத்தில் புகைபோக்கி மேலே போகிறது. ஜன்னல் வைக்க முடியாது. நாலோடு நிறுத்தினால் முகப்பு பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும் என்று, கட்டியவர்கள் சுவரைப் பூசி, கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டமும் பாதி இறக்கிய திரையுமாக வரைந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஊர்களில் இது சகஜம். கீழே நின்று பார்த்தால் அசல் ஜன்னல் தோற்றுப்போகும்.

இதை வைத்து எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. என்னிடம் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், முதல் வியாழக்கிழமை, சந்தை நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, “அந்த ஓரத்து ஜன்னல் ரொம்ப அழுக்கு, நல்லாத் தேய்” என்று மேலே அனுப்புவேன். அவன் ஏறுவான். வாளியை மாட்டுவான். தேய்ப்பான். சுவர் என்று கைக்குத் தெரிந்ததும் மெல்லத் திரும்பிக் கீழே பார்ப்பான். மொத்தச் சந்தையும் கைதட்டும். மீன் வண்டி ப்ரெண்டா வினிகர் ஊற்றி ஒரு கிண்ணம் சிப்பி கொடுப்பாள். அதற்கப்புறம் அவன் எங்கள் ஆள். என்னையும் அப்படித்தான் ஏற்றினார்கள். நானும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தேன்.

காலின் என் மனைவி மொரீனின் தம்பி. அப்போது அவனுக்கு ஐம்பத்து மூன்று. அந்த வருடம் ஏப்ரலில் அவன் மனைவி ஜாய்ஸ் இறந்துபோனாள். அடக்கத்துக்கு வந்த எல்லோருக்கும் காலின் கை கொடுத்தான். சாண்ட்விச் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் நீட்டினான். வீட்டுக்குப் போய்த் தோட்டத்தில் புல் வெட்டினான். அழவில்லை. கோடை முடிந்தது. இலை உதிர்ந்தது. அப்போதும் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்.

“ஒண்ணும் இல்ல.”

மொரீனுக்கு அதுதான் பயம்.

“அவனை உன்கூட வேலைக்குக் கூட்டிட்டுப் போ, வில்ஃப். அவன் அழணும், இல்ல சிரிக்கணும். ரெண்டுல ஒண்ணு போதும் எனக்கு. என் தம்பியை எனக்குத் திருப்பிக் கொண்டு வா.”

“ஏணில ஏத்தினா விழுவான். விழுந்தா அழுவான்.”

“உன் வாயை அந்த வாளித் தண்ணியில கழுவு.”

அப்படித்தான் காலின் என்னிடம் வந்தான். நவம்பர் மாதம். நல்ல குளிர். வரைந்த ஜன்னல் விஷயம் அவனுக்குத் தெரியாது. அவன் பக்கத்து ஊர்க்காரன், செருப்புத் தொழிற்சாலை மூடும்வரை அங்கேயே வேலை பார்த்தவன்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். முட்டைக்காரர் முட்டை அடுக்குவதை நிறுத்திவிட்டார். பாலாடைக்கட்டி விற்கிற பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் தனித் திறமை.

“காலின், அந்த ஓரத்து ஜன்னல்,” என்றேன். “வக்கீல் புகார் பண்றார். வெளிச்சமே வரலையாம்.”

“சரி.”

ஏறினான். வாளியை மாட்டினான். தோலை நனைத்துப் பிழிந்து நாலாக மடித்தான். காலினுக்கு ஒரு பழக்கம். எல்லோரும் மேல் மூலையில் தொடங்குவோம். அவன் கீழ் மூலையில் தொடங்கி மேலே போவான். தண்ணீர் துடைத்த இடத்திலேயே திரும்ப வழியும். எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டான்.

கீழ் மூலையில் தொடங்கினான்.

ப்ரெண்டா சிப்பிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

துடைத்தான். ஒரு கட்டம். அடுத்த கட்டம். நிதானமாக, அக்கறையாக. முட்டைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

கீச்...

ஈரத் தோல் கண்ணாடியில் இழுபடுகிற சத்தம். வாழ்நாள் முழுக்க நான் கேட்ட சத்தம். சுவரில் அந்தச் சத்தம் வராது. பெயின்டில் வராது. கண்ணாடியில் மட்டும்தான் வரும்.

கீச்... கீச்...

ஐந்தாவது ஜன்னலை முழுதாகத் துடைத்து முடித்துவிட்டு, காலின் இறங்கி வந்தான். யாரும் கைதட்டவில்லை. எப்போது தட்டுவதென்று தெரியவில்லை.

“என்ன காலின்,” என்றேன். “நல்லா வந்துதா?”

“உள்ள ஒருத்தன் துடைச்சிட்டிருக்கான்.”

“எங்க உள்ள?”

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பாவம், அவன்கிட்ட தோலே இல்ல. வெறுங்கையால தேய்ச்சிட்டிருந்தான். என்னோடதைக் கொடுத்துட்டேன்.”

முட்டைக்காரர் மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு ப்ரெண்டா சிரிக்க ஆரம்பித்தாள். மீன் வெட்டுகிற பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“வில்ஃப், உன்னையே மடக்கிட்டான் பாரு. இந்தா கண்ணு, சிப்பி ஒரு கிண்ணம் இல்ல, ரெண்டு கிண்ணமா வாங்கிக்கோ. இந்தக் கிழவனை இப்படி ஒருத்தரும் கவுத்ததில்ல.”

சந்தை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையில் எனக்குச் சந்தோஷம். ஏழு மாதத்துக்குப் பிறகு காலின் ஒரு வேடிக்கை செய்திருக்கிறான். வீட்டுக்குப் போனதும் மொரீனிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் நின்று ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. காலினின் தோலைக் காணோம். ஏணியடியில் தேடினேன். செருப்புக் கடை வாசலில் வெயிலுக்குக் கட்டிய துணிக்கூரை மேல் விழுந்திருக்கிறதா என்று ஏறிப் பார்த்தேன். மழைநீர்க் குழாயில் கையை விட்டுப் பார்த்தேன்.

இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அவனுக்குப் புதுத் தோல் கொடுத்தேன். நான் சொல்லாமலேயே ஏணியை அந்த ஓரத்து ஜன்னலுக்கு நகர்த்தினான். அதற்கடுத்த வியாழக்கிழமையும். சந்தைக்காரர்களுக்குச் சிரிப்பு அலுத்துவிட்டது. நான் தடுக்கவில்லை. மேலே இருக்கிற நேரத்தில் அவன் சீட்டி அடித்தான். அதை நான் கேட்டேன். கீழே இறங்கியதும் பழையபடி ஆகிவிடுவான்.

இல்லை. பழையபடி இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்துபோய் இறங்கினான்.

தேநீர் வண்டியில் எங்களுக்குத் தகரக் குவளையில் தேநீர் தருவார்கள். கொதிக்கும். கைப்பிடியைக்கூடக் கையுறை போட்டுத்தான் பிடிப்போம். ஒருநாள் காலின் குவளையின் வயிற்றை வெறும் வலது கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்படியே நின்றான்.

“சுடலையா?”

“ஒண்ணும் இல்ல.”

மறுவாரம் மொரீன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தாள். நான் முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இறைச்சி கருகுகிற வாசனை வந்தது. அடுப்பைக் கவனி என்று குரல் கொடுத்தேன். மொரீன் தோட்டத்திலிருந்து உள்ளே ஓடினாள். பிறகு அவள் கத்துகிற சத்தம்.

இறைச்சி கருகவில்லை. காலின் அடுப்பின் சூடான தட்டில் வலது உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். ஊசியால் குத்திப் பார்த்தார்கள். முழங்கைவரை அவனுக்கு உணர்ச்சி இல்லை. நரம்பில் ஒரு குறையும் தெரியவில்லை என்றார்கள். துக்கத்தில் சிலருக்கு இப்படி வரும் என்றார் ஒரு மருத்துவர். அவர் நல்லவர். அவரால் முடிந்ததைச் சொன்னார்.

அன்றிரவு மொரீன் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“அந்தச் சுவர்கிட்ட இனிமே அவன் போகக்கூடாது. முதல்ல நீ போய் அது என்னன்னு பாரு.”

டிசம்பர் வியாழக்கிழமை. எங்கள் ஊரில் அந்த மாதத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். சந்தையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைகளின் இரும்புக் கம்பிகள் கல் தரையில் விழுகிற சத்தம். வண்டிக் கதவுகள் மூடுகிற சத்தம். ப்ரெண்டா மிச்ச ஐஸைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு நான் ஏறுறேன்,” என்றேன் காலினிடம். “நீ ஏணியைப் பிடி.”

அவன் மறுக்கவில்லை. ஏணியின் அடிப்படியில் ஒரு காலை ஊன்றி, இடது கையால் பக்கக் கட்டையைப் பிடித்துக்கொண்டான். கட்டுப்போட்ட வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

ஏறினேன்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது வெறும் பெயின்ட்தான். கறுப்பு உரிந்து, கீழே சாம்பல் நிறப் பூச்சு தெரிந்தது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். பொடி உதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கீழே கத்தி ஏதாவது கிண்டல் செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். சரி, ஏறியதுதான் ஏறினோம், ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இறங்கலாம் என்று தோலை எடுத்தேன்.

மேல் மூலையில் வைத்தேன்.

இழுத்தேன்.

கீச்...

தேவாலயக் கடிகாரம் நாலு அடித்தது.

நகத்தில் பூச்சுப் பொடி இன்னும் இருந்தது. ஆனால் தண்ணீர் சுவரில் ஊறவில்லை. வழிந்தது. கண்ணாடியில் வழிகிற மாதிரி, துளித் துளியாக, வேகமாக.

என் மூச்சு பட்டு அதில் வெண்மையாகப் படிந்தது. அது இயல்புதான்.

அதற்குக் கீழே, ஒரு சாண் தள்ளி, இன்னொரு இடத்திலும் வெண்மையாகப் படிந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து.

நான் அசையவில்லை.

உள்ளே இருட்டு. இருட்டுக்குள் ஒரு தோல் தெரிந்தது. நாலாக மடித்த தோல். கீழ் மூலையில் வந்து நின்றது. மெதுவாக மேலே நகர்ந்தது.

கீழிருந்து மேலே.

அதைப் பிடித்திருந்த கையில் வெள்ளைக் கட்டு.

குனிந்து பார்த்தேன். காலின் ஏணியடியில் இருந்தான். இடது கை ஏணியில். வலது கை பக்கத்தில் தொங்கியபடி... கட்டோடு... அசையாமல்.

நிமிர்ந்து பார்த்தேன்.

கை துடைத்துக்கொண்டிருந்தது.

கீச்...

என் முகத்துக்கு நேராக வந்ததும் நின்றது. தோலை விட்டது. விரல்களை விரித்துக் கண்ணாடியில் வைத்தது.

ஏன் என்று கேட்காதீர்கள். நானும் என் விரல்களை வைத்தேன். இரண்டு விரல்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல்.

டிசம்பர் மாதம். வாளித் தண்ணீரே பாதி பனி.

கண்ணாடி சூடாக இருந்தது.

அடுப்புத் தட்டு மாதிரி.

பிறகு சூடு தெரியவில்லை. குளிரும் தெரியவில்லை. இரண்டு விரல் நுனியிலும் ஒன்றும் தெரியவில்லை. கையை இழுத்துக்கொண்டேன். எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை. அந்த இரண்டு நுனிகளும் இன்றுவரை மரத்தேதான் இருக்கின்றன. பப்பில் மெழுகுவர்த்திச் சுடரில் அவற்றைக் காட்டிப் பந்தயம் கட்டிப் பல தடவை பியர் குடித்திருக்கிறேன். அது வேறு விஷயம்.

கீழே வந்ததும் காலின் கேட்டான்.

“நல்லாத் துடைக்கிறான் இல்ல?”

“அது உன் கை, காலின்.”

“தெரியும்.”

கம்பி ஒன்று எங்கோ தரையில் விழுந்து உருண்டது.

“அங்க வலிக்குது, வில்ஃப்,” என்றான். “ரொம்ப வலிக்குது. பார்த்தாலே தெரியுது. இங்கதான் வலிக்கல.”

“ஜாய்ஸ்?”

“எல்லாம் அங்கதான்.”

ஏதோ பையைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தவன் மாதிரி சொன்னான்.

மறுநாளே பெயர்ப்பலகை எழுதுகிற ஹெட்லியைப் பிடித்தேன். வக்கீலுக்கும் அந்தப் பழைய படம் பிடிக்கவில்லை. ஜன்னல் இருந்த இடம் தெரியாமல் சுவர் முழுக்க ஒரே நிறமாக ஹெட்லி அடித்து மூடினார். அவர் அதிகம் பேசாத மனிதர். இறங்கி வந்து தூரிகையைத் துடைத்துக்கொண்டே, “இந்த ஒரு இடம் மட்டும் சீக்கிரம் காஞ்சிடுச்சு” என்றார். அவ்வளவுதான்.

காலினைக் காப்பாற்றிவிட்டோம் என்று நானும் மொரீனும் நினைத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

நோய் என்று சொல்ல முடியாது. சாப்பிடு என்றால் சாப்பிடுவான். படு என்றால் படுப்பான். நன்றி என்பான். கையிலிருந்து தோள், தோளிலிருந்து உடம்பு முழுக்க மரத்துப்போயிற்று. முகத்திலும் அதேதான். எங்கள் பின்னறையில் அவனுக்குக் கட்டில் போட்டோம். மொரீன் அவன் நகம் வெட்டினாள், சவரம் செய்துவிட்டாள். கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோரும் போடுகிற காகிதத் தொப்பியை அவன் தலையிலும் வைப்போம். எடுக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பான்.

அப்படிப் பதினோரு வருடம்.

மொரீன் என்னைத் திட்டவில்லை. வியாழக்கிழமை சந்தைக்குப் போனால், முட்டை வாங்கிக்கொண்டு, செருப்புக் கடைக்கு எதிரே நின்று அந்த வெறும் சுவரைப் பார்ப்பாள். ஒருநாள் மட்டும் சொன்னாள்.

“நாம அவனை வெளியே எடுக்கல, வில்ஃப். உள்ள வச்சுப் பூட்டிட்டோம்.”

நான் வேலையை விட்டு ஓய்வெடுத்த வருடம் செருப்புக் கடையும் மாடியில் வக்கீல் அலுவலகமும் காலியாகின. அங்கே காபிக் கடை வரப்போகிறது என்றார்கள். உள்ளே இடம் போதாது என்று பழைய புகைபோக்கியை உடைக்க ஆள் வந்தது. டீன் என்று ஒரு கொத்தனார். எனக்குப் பழக்கமானவன்தான்.

அது ஒரு வியாழக்கிழமை காலை. நான் ப்ரெண்டாவின் வண்டி அருகே நின்று, பியானோ வாசித்த பசு இப்போது ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். செருப்புக் கடை மாடியில் சம்மட்டி அடிக்கிற சத்தம் கேட்டது. செங்கல் சரிகிற சத்தம். கடிகாரம் பத்து அடித்தது.

சற்று நேரத்தில் மொரீன் சதுக்கத்தின் குறுக்கே ஓடி வந்தாள். வீட்டுச் செருப்போடு. கோட்டு இல்லாமல்.

“பேசிட்டான்.”

“யாரு?”

“காலின். ‘யாரோ ஜன்னலைத் திறந்துட்டாங்க, குளிருது, சாத்து’ன்னான். அவன் அறையில ஜன்னல் சாத்தித்தான் இருக்கு, வில்ஃப். அப்ப பத்து அடிச்சிட்டிருந்துது.”

ப்ரெண்டா சிரிக்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி மொரீன் மேல் போட்டாள்.

நாங்கள் வீட்டுக்குத் திரும்புவதற்குள் மேலேயிருந்து டீன் கூப்பிட்டான்.

“வில்ஃப், நீங்கதானே ஜன்னல் ஆளு? கொஞ்சம் வந்து இதைப் பாருங்க. எனக்கு ஒண்ணும் புரியல.”

மொரீனைப் போகச் சொல்லிவிட்டு மேலே போனேன்.

நூறு வருடத்துக்கு மேல் அடைத்துக் கிடந்த புகைபோக்கி. மேலும் கீழும் செங்கல் வைத்து மூடியது. எலி நுழைய வழி இல்லை. உள்சுவர் முழுக்க விரற்கடை கனத்துக்குக் கரி படிந்திருந்தது.

தெருப் பக்கத்துச் சுவரில் மட்டும் கரி இல்லை. ஜன்னல் அளவுக்கு, ஜன்னல் வடிவத்தில், நாலு மூலையும் நேராக, செங்கல் பளபளவென்று இருந்தது. அத்தனை சுத்தமான செங்கலை நான் பார்த்ததில்லை.

அதன் அடியில் ஒரு செங்கல் விளிம்பு. அதன் மேல் ஒரு ஆட்டுத்தோல். நாலாக மடித்தது.

தொட்டுப் பார்த்தேன்.

ஈரமாக இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது காலின் அடுப்படி மேஜையில் உட்கார்ந்திருந்தான். கை எரிகிறது, கை எரிகிறது என்று முனகிக்கொண்டிருந்தான். மொரீன் அவன் வலது கையைக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத்துக்கு முன் ஆறிப்போன அந்த உள்ளங்கையில் கொப்புளம் புதிதாகக் கிளம்பியிருந்தது. அவன் அன்று அடுப்பைத் தொடவே இல்லை.

கொஞ்ச நேரம் போனது. முனகல் நின்றது. அவன் மொரீனை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சேதி இப்போதுதான் வந்த மாதிரி முகம் மாறியது.

“மொரீன்... ஜாய்ஸ் செத்துப்போயிட்டா.”

“ஆமா கண்ணு.”

“எப்ப?”

அவள் அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். காலின் அழுதான். மத்தியானம்வரை அழுதான். நான் தேநீர் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியாதபோது நாங்கள் அதைத்தான் செய்வோம்.

காலின் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறான். சிரிக்கிறான். சூப் சூடாக இருந்தால் என்னைத் திட்டுகிறான். வியாழக்கிழமை மொரீனோடு சந்தைக்குப் போய் ஜாய்ஸுக்குப் பூ வாங்கி வருகிறான். ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் கவனமாக இருக்கிறோம். முதல் வாரம் மொரீன் அந்தத் தோலைக் கொடியில் காயப்போட்டாள். அது விறைக்க விறைக்கக் காலினின் வலது கை சாம்பல் நிறமாகியது. அவன் சீட்டி அடிக்கத் தொடங்கினான். ஓடிப்போய் வாளியில் முக்கினேன்.

அன்றிலிருந்து அது வாளியிலேயே இருக்கிறது. தினமும் காலையில் நான்தான் தண்ணீர் மாற்றுகிறேன். எனக்கு எண்பது வயது ஆகிவிட்டது. எனக்குப் பிறகு மொரீன் மாற்றுவாள். அவளுக்குப் பிறகு யார் என்று நாங்கள் இன்னும் பேசவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

புகைபோக்கியை முழுதாக உடைத்தால் கட்டடம் தாங்காது என்று நகராட்சி அதிகாரிகள் சொன்னதால், டீன் மறுவாரமே அதைப் பழையபடி செங்கல் வைத்து மூடிவிட்டான். மூடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்திருந்தான். இரண்டு மாதம் கழித்து அதை எனக்குக் கொடுத்தான். அன்று தோலைப் பார்த்த அவசரத்தில் சுவரை நான் சரியாகப் பார்க்கவில்லை. போட்டோவில் பார்த்தேன்.

பளபளப்பான அந்தச் செங்கல் பரப்புக்கு மேலே, கரியில், இரண்டு கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம். பக்கத்துப் பக்கத்தில்.

மேல் மூலையில் தொடங்கிக் கீழே இறங்கியிருந்தன.

காலின் ஒருநாளும் மேலிருந்து துடைத்தவன் இல்லை.

வியாழக்கிழமை சாயந்திரம், கடிகாரம் நாலு அடித்த பிறகு, என் வலது கையைப் பார்ப்பேன். ஆள்காட்டி விரல் நுனியும் நடுவிரல் நுனியும் வெகுநேரம் தண்ணீரில் ஊறின மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். மற்ற விரல்கள் காய்ந்திருக்கும்.

எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.